கேரளத்துக்கு எத்தனை எம்.பி. என்று மட்டும் கேட்டால் போதுமா? மூணாறும் சித்தூரும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

நீங்கள் மூணாறில் ஒரு எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கோவையில் ஐடி வேலை. அப்பா ரிட்டயர் ஆனதும் லயத்தைக் காலி செய்துவிட்டு தேனிப் பக்கம் ஒரு வீடு கட்டிவிட்டார். அக்கா இன்னும் மலையில்தான் இருக்கிறார். அவசர ஆஸ்பத்திரி என்றால் தேனி, தீபாவளி துணி என்றால் உடுமலை, ரேஷன் கார்டு என்றால் கேரளம்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது: "தொகுதி மறுவரையறை வந்தால் தென் மாநிலங்களுக்கு எம்.பி. சீட் குறையும்." கோபம் வருகிறது, ஃபார்வர்ட் செய்கிறீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் உங்கள் அக்காவின் ஓட்டுக்கு இதில் என்ன ஆகும்?

சென்னைக்கும் டெல்லிக்கும் நடக்கும் சண்டை எண்ணிக்கையைப் பற்றியது. எல்லையில் வாழ்பவர்களின் தலையெழுத்தை அந்த எண்ணிக்கை பாதிதான் தீர்மானிக்கும். மீதியைத் தீர்மானிப்பது, மாநிலத்துக்குள் கோடு எங்கே, எந்த விதிப்படி விழுகிறது என்பது. அந்த விதிகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில், தொகுதி மறுவரையறை என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால் இரண்டு வேலைகள். ஒன்று, எந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்று பிரிப்பது. இரண்டு, அந்த இடங்களுக்கு மாநிலத்துக்குள் எல்லை போடுவது. ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகும் இவை நடக்க வேண்டும் என்கின்றன அரசியலமைப்பின் 82, 170-வது பிரிவுகள்.

நடைமுறையில் முதல் வேலை பல பத்தாண்டுகளாக நின்றுபோயிருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-வது திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படி இருந்த இடப் பங்கீட்டை 2000-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்திய மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்பது காரணம். வாஜ்பாய் ஆட்சியில், 2001-ன் 84-வது திருத்தம், அந்த உறைநிலையை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

இரண்டாவது வேலை கடைசியாக நடந்தது 2008-ல். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம், மாநிலங்களின் மொத்த எண்ணிக்கையைத் தொடாமல், 2001 கணக்கெடுப்பின்படி உள் எல்லைகளை மட்டும் மாற்றி வரைந்தது. இன்று நீங்கள் ஓட்டுப் போடும் தொகுதி அப்போது வரையப்பட்டதுதான்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதாவது 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு இதுதான். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023-ன் 106-வது திருத்தமும் மறுவரையறையோடு கட்டப்பட்டிருக்கிறது.

சண்டை எதைப் பற்றி?

2011 கணக்கெடுப்பை வைத்து ஒரு எம்.பி.க்கு எத்தனை மக்கள் என்று வகுத்துப் பார்த்தால்:

• கேரளம்: 20 இடங்கள், ஒரு எம்.பி.க்கு சுமார் 16.7 லட்சம் பேர்
• தமிழ்நாடு: 39 இடங்கள், சுமார் 18.5 லட்சம்
• உத்தரப் பிரதேசம்: 80 இடங்கள், சுமார் 25 லட்சம்
• பிகார்: 40 இடங்கள், சுமார் 26 லட்சம்

"ஒரு மனிதர், ஒரு ஓட்டு, ஒரே மதிப்பு" என்றால் பிகார்க்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1971-லிருந்து 2011 வரை இந்தியாவின் மக்கள்தொகை 121 விழுக்காடு வளர்ந்தது, கேரளத்தின் வளர்ச்சி 56 விழுக்காடுதான். 543 இடங்களை அப்படியே வைத்து 2011 மக்கள்தொகைப்படி பிரித்தால், கேரளத்துக்கு சுமார் 15, தமிழ்நாட்டுக்கு சுமார் 32 என்று வருகிறது. உத்தரப் பிரதேசம் 90-ஐத் தொடும்.

இதனால்தான் 2025 மார்ச் 5-ல் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. உறைநிலையை இன்னும் 30 ஆண்டுகள் நீட்ட வேண்டும் என்று கேட்டது. மார்ச் 22-ல் நடந்த கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டத்துக்கு கேரள முதல்வர் பினராயி விஜயனும் வந்தார். முல்லைப் பெரியாற்றில் எதிரெதிரே நிற்கும் இரண்டு மாநிலங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தது சாதாரண விஷயமல்ல. மறுபக்கம், எந்தத் தென் மாநிலமும் ஓர் இடத்தைக்கூட இழக்காது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா பிப்ரவரி 26-ல் கோவையில் சொன்னார்.

இதுவரை நீங்கள் படித்திருப்பீர்கள். இனி வருவது அதிகம் பேசப்படாத பகுதி.

எம்.பி. எண்ணிக்கை மாறினால் எம்.எல்.ஏ. எண்ணிக்கை ஏன் மாற வேண்டும்?

கேரளத்தில் 20 எம்.பி., 140 எம்.எல்.ஏ. அதாவது 20 × 7. தமிழ்நாட்டில் 39 எம்.பி., 234 எம்.எல்.ஏ. அதாவது 39 × 6. இது தற்செயல் அல்ல. 2002-ன் எல்லை வரையறைச் சட்டத்தின் 8-வது பிரிவு, சட்டமன்ற இடங்கள் மக்களவை இடங்களின் முழு மடங்காக இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு மக்களவைத் தொகுதிக்குள்ளும் சட்டமன்றத் தொகுதிகள் உடையாமல் சமமாக அடங்க வேண்டும் என்பதற்காக.

புதிய சட்டமும் இதே விதியை வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கேரளத்துக்கு 15 எம்.பி. என்றால் 140 நிற்காது. 120, 135, 150 என்று 15-ன் மடங்காகத்தான் போக வேண்டும். சரி, யாருக்கும் குறைக்காமல் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றரை மடங்காக்கி கேரளத்துக்கு 30 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 140 நிற்காது. 120 அல்லது 150. "ஓர் இடமும் குறையாது" என்ற வாக்குறுதி முழுதாகக் காப்பாற்றப்பட்டாலும், சட்டமன்ற வரைபடம் தலைகீழாக மாறலாம்.

இதை மாவட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். 2008 வரைவில் ஆணையம் முதலில் மாவட்டவாரியாக இடங்களைப் பிரித்து, பிறகு மாவட்டத்துக்குள் கோடு போட்டது. இடுக்கியின் 2011 மக்கள்தொகை 11,08,974. பாலக்காட்டின் மக்கள்தொகை 28,09,934. இதே முறையில் கணக்குப் போட்டால்:

• 140 தொகுதிகள்: இடுக்கிக்கு 4.65, அதாவது 5. பாலக்காட்டுக்கு 11.78, அதாவது 12. இன்று இருப்பதும் இதுவே.
• 150 தொகுதிகள்: இடுக்கி 4.98, அதாவது 5. பாலக்காடு 12.62, அதாவது 13.
• 135 தொகுதிகள்: இடுக்கி 4.48, அதாவது 4. பாலக்காடு 11.36, அதாவது 11.
• 120 தொகுதிகள்: இடுக்கி 3.98, அதாவது 4. பாலக்காடு 10.09, அதாவது 10.

இது 2011 எண்களை வைத்து நான் போட்ட கணக்கு. உண்மையான வரைவு புதிய கணக்கெடுப்பில்தான் நடக்கும். ஆனால் திசை தெரிகிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே கேரளத்தில் மக்கள்தொகை குறைந்த மாவட்டங்கள் இரண்டே. ஒன்று பத்தனம்திட்டா, இன்னொன்று இடுக்கி. 140 தொகுதிகளே இருந்தாலும், 5 என்ற எண் 4-ஆகச் சரியாமல் நிற்பதற்கு இடுக்கியிடம் இருக்கும் இடைவெளி சுமார் 35,000 பேர்தான்.

இப்படி நடக்குமா என்று சந்தேகமா? ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2008 வரைவில் பத்தனம்திட்டா மாவட்டத்தின் தொகுதிகள் 8-லிருந்து 5-ஆகக் குறைந்தன. மலப்புரத்தில் 12, 16 ஆனது. வடக்கு, தெற்கு என்று நாம் நாட்டளவில் பேசும் அதே கதை, கேரளத்துக்குள்ளேயே ஒரு முறை நடந்து முடிந்துவிட்டது. டெல்லியில் "குறைவாகப் பெற்றதற்காகத் தண்டிக்காதே" என்று வாதாடும் மாநிலம், அதே வாதத்தைத் தன் மலை மாவட்டங்களுக்கும் பொருத்துமா? இது சங்கடமான கேள்விதான். கேட்காமல் இருக்க முடியாது.

கோடு போடுபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

சட்டத்தின் 9-வது பிரிவு ஒரு சிறிய பட்டியல் தருகிறது. தொகுதி நிலவியல்படி கச்சிதமாக இருக்க வேண்டும். மலை, ஆறு போன்ற இயற்கை அமைப்புகள், இருக்கிற நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான தொகுதிகள், அவர்கள் ஒப்பீட்டளவில் அதிகம் வாழும் பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவி அமைய வேண்டும்.

இந்தப் பட்டியலில் மொழி இல்லை. ஒரே தொழில், ஒரே வாழ்க்கை, ஒரே பிரச்சினைகளோடு வாழும் மக்களைப் பிரிக்காதே என்ற விதியும் இல்லை.

ஆணையத்தில் மாநிலத்தின் சார்பில் 5 எம்.பி.க்களும் 5 எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது, உத்தரவில் கையெழுத்தும் கிடையாது. இறுதி உத்தரவுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது 10-வது பிரிவு. வெளிப்படையாகத் தன்னிச்சையான உத்தரவு என்றால் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் தலையிடலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவும் கொஞ்சம்தான் திறந்திருக்கிறது.

இன்றைய கோடுகள் எப்படி இருக்கின்றன?

பாலக்காடு பக்கம் போவோம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக இறங்குங்கள். அட்டப்பாடி மண்ணார்க்காடு தொகுதியில் இருக்கிறது. வாளையார் மலம்புழா தொகுதியில். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி ஆகியவை சித்தூரில். கொல்லங்கோடும் முதலமடையும் நெம்மாராவில். எல்லையோரம் நான்கு சட்டமன்றத் தொகுதிகளாக இருக்கிறது. மக்களவைக்கு வந்தால் மண்ணார்க்காடும் மலம்புழாவும் பாலக்காடு தொகுதி. சித்தூரும் நெம்மாராவும் ஆலத்தூர் தொகுதி. கொழிஞ்சாம்பாறையில் தமிழில் பேசி, பொள்ளாச்சிச் சந்தையில் காய் விற்கும் விவசாயிக்கும், திருச்சூர் மாவட்டத்தின் குன்னங்குளத்துக்காரருக்கும் ஒரே எம்.பி.

பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர், எல்லைச் சோதனைச் சாவடி, தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் என்று இந்த மக்களுக்குப் பொதுவான பிரச்சினைகள் நிறைய. ஆனால் எந்தத் தொகுதியிலும் அவை முதல் பிரச்சினை ஆவதில்லை. பாலக்காடு மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 விழுக்காடு. நான்காகப் பிரித்தால் எங்கும் ஓரத்தில்தான் நிற்பார்கள். இது சதி என்று நான் சொல்லவில்லை. விதியில் அந்தக் கேள்வியே இல்லாதபோது யாரும் அதைக் கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை, அவ்வளவுதான்.

இடுக்கியில் தமிழர்கள் சுமார் 17 விழுக்காடு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய மூன்று தொகுதிகளில் இவர்கள் அதிகம். மூன்றும் ஒரே மக்களவைத் தொகுதியான இடுக்கிக்குள் இருக்கின்றன. இங்கே பிரச்சினை வேறு. மாவட்டத்தில் ஒரு தொகுதி குறைந்தால், மீதி நான்கும் பெரிதாகும். மூணாறும் மறையூரும் வட்டவடையும் கீழ்மலை ஊர்களோடு சேர்க்கப்படலாம். சதுர கிலோமீட்டருக்கு சுமார் 255 பேர் வாழும் மாவட்டம் இது. மாநிலச் சராசரி 860. ஏற்கெனவே பரந்து கிடக்கும் தொகுதியில் எம்.எல்.ஏ. அலுவலகம் இன்னும் ஒரு பஸ் தள்ளிப் போகும்.

"வந்துபோகிறவர்கள்" என்ற பழைய வாதம்

இந்தக் கதை 2026-ல் தொடங்கவில்லை. 1950-களில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது. 1955-ல் அறிக்கை தந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழர் எண்ணிக்கையில் ஒரு பகுதி, வந்துபோகும் தோட்டத் தொழிலாளர்கள் என்று அது கருதியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். மாநில எல்லையை மாற்றுவது இன்று யாருடைய கோரிக்கையாகவும் இருக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சொல், "வந்துபோகிறவர்கள்", மூன்று தலைமுறைக்குப் பிறகும் இவர்களைவிட்டுப் போகவில்லை. இரண்டு உதாரணங்கள் பாருங்கள்.

முதலாவது, தேவிகுளம் ரிசர்வ் தொகுதி. 2021-ல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.ராஜா சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் வெற்றியைச் செல்லாது என்றது. பட்டியல் சாதி இடத்தில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்பது தீர்ப்பு. 2025 மே 6-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் பதவியை உறுதி செய்தது. வழக்கில் சமயமும் பேசப்பட்டது, குடும்பம் எப்போது கேரளத்துக்கு வந்தது என்பதும் பேசப்பட்டது. காரணம், பட்டியல் சாதித் தகுதி மாநிலம் தாண்டி நம்மோடு வராது. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் உத்தரவின்போது குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதே அளவுகோல். தாத்தா எந்த வருஷம் மலையேறினார் என்பதற்குத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் எத்தனை பேரிடம் காகிதம் இருக்கும்?

இரண்டாவது, இரட்டை ஓட்டு. ஒவ்வொரு தேர்தலிலும் இடுக்கியில் இந்தக் குற்றச்சாட்டு எழும். 2021-ல் இரண்டு மாநிலங்களுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு நடந்தது. 2024-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26. ஒரு வார இடைவெளி, எல்லையில் கூடுதல் சந்தேகம். சட்டம் தெளிவாக இருக்கிறது. 1950-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே பெயர் வைத்திருக்க முடியும், அதுவும் "வழக்கமாக வசிக்கும்" இடத்தில். அங்கே சொந்த வீடு இருந்தால் மட்டும் போதாது. தற்காலிகமாக வெளியூர் போனால் உரிமை போகாது. இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டால் இரண்டுமே செல்லாது.

ஆனால் மறையூரில் வேலை, உடுமலையில் பிள்ளைகளின் படிப்பு என்று வாழ்பவருக்கு "வழக்கமாக" எது? 2025 நவம்பர் 4-ல் இரண்டு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதிலை எழுதித் தரச் சொன்னது. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது தவறு. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு சிலரின் இரட்டைப் பதிவைக் காட்டி ஒரு சமூகம் முழுவதையும் வெளியூர்க்காரர் என்று பார்ப்பது வேறு விஷயம்.

ஒரு முக்கியமான வித்தியாசத்தையும் கவனியுங்கள். தொகுதி எண்ணிக்கையை முடிவு செய்வது வாக்காளர் பட்டியல் அல்ல, மக்கள்தொகை. குழந்தைகளும் அதில் சேர்த்தி. கணக்கெடுப்பின்போது மலையில் பதியாத ஒவ்வொரு தலையும் அந்த 35,000-க்குள் போய்ச் சேரும்.

வேறு வழி இருக்கிறதா? மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

முன்மாதிரிகள் இருக்கின்றன. அவற்றில் சில நம் பக்கத்திலேயே.

ஜம்மு காஷ்மீர், 2022. அங்கே வரைந்த ஆணையம், மாவட்டங்களை மலைப்பாங்கு, சமவெளி என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரித்தது. சராசரி மக்கள்தொகையிலிருந்து 10 விழுக்காடு கூடவோ குறையவோ இடம் கொடுத்தது. எட்டாத பகுதிகளுக்குச் சிறிய தொகுதி கிடைத்தது. அந்த வரைவின் வேறு பல முடிவுகள் கடும் சர்ச்சைக்கு உள்ளாயின. ஆனால் "மலைக்குத் தனிக் கணக்கு" என்பது இந்தியச் சட்டத்துக்குள் செய்யக்கூடியதே என்பதற்கு இது சாட்சி. இடுக்கிக்கு ஏன் கூடாது?

இடமலைக்குடி, 2010. மூணாறு ஊராட்சியிலிருந்து முதுவர் பழங்குடியினரின் குடிகளைப் பிரித்து, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக இடமலைக்குடி அமைக்கப்பட்டது. மக்கள்தொகை சுமார் இரண்டாயிரம்தான். வெறும் தலை எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் அது ஓர் ஊராட்சி வார்டுக்கு மேல் தேறியிருக்காது. தூரமும் வாழ்க்கை முறையும் கணக்கில் எடுக்கப்பட்டன. தேவிகுளம் வட்டத்திலேயே நடந்தது இது.

பிரிட்டன். அங்கே பெரும்பாலான தொகுதிகள் சராசரியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. நம்மைவிடக் கறாரான விதி. ஆனாலும், கோடு மாறுவதால் அறுபடக்கூடிய உள்ளூர்ப் பிணைப்புகளை எல்லை ஆணையம் கணக்கில் எடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

இலங்கை, 1977. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, ஓட்டும் இழந்தார்கள். பிறகு வந்த மறுவரையறையில் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியானது. 1977-ல் அங்கே காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோரோடு சௌமியமூர்த்தி தொண்டமானும் வென்றார். தேயிலைத் தோட்டத்துக்கென்று தனி எல்லை போடாமல், ஒரே தொகுதியில் பல குரலுக்கு இடம் கொடுத்த ஏற்பாடு.

இது நமக்கும் புதிதல்ல. 1957-ல், கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளமே இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு பட்டியல் சாதி இடம். கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸும் காங்கிரஸின் கணபதியும் வென்றார்கள். ரோசம்மாவின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்ய, 1958-ல் நடந்த இடைத்தேர்தலில் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் தமிழ்ப் பாட்டுகளோடு தோட்டம் தோட்டமாகப் பிரசாரம் செய்தார். ரோசம்மா மறுபடியும் வென்றார். தமிழில் கேட்டால்தான் ஓட்டு என்பது அப்போதே கட்சிகளுக்குத் தெரிந்திருந்தது. இரட்டை உறுப்பினர் முறை 1961-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மொழிக்கு ஒரு தொகுதி கேட்பது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். மொழி, மதம், சாதி என்று ஆளாளுக்கு எல்லை கேட்டால், கோடு போடும் அதிகாரம் கையில் இருப்பவருக்கு அது கொண்டாட்டம். தனக்கு ஓட்டுப் போடாதவர்களை ஒரே மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிட முடியும். தனி வாக்காளர் தொகுதி என்ற பாதை எங்கே போகும் என்பதைப் பிரிவினை வரை பார்த்த நாடு இது. அதனால்தான் அரசியலமைப்பின் 325-வது பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம் பாராமல் எல்லோருக்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல் என்கிறது.

எனவே கேட்க வேண்டியது தமிழர் தொகுதி அல்ல. சேர்ந்து வாழும் பகுதியைக் காரணமில்லாமல் உடைக்காதே, உடைத்தால் ஏன் என்று எழுத்தில் சொல் என்பதுதான். இந்த விதி கொழிஞ்சாம்பாறைத் தமிழருக்கு மட்டும் உதவாது. காசர்கோட்டில் கன்னடம் பேசுபவருக்கும், கன்னியாகுமரியில் மலையாளம் பேசுபவருக்கும், நீலகிரியில் கூடலூர்க்காரருக்கும் அதே விதி உதவும். தமிழ்நாடு இதைக் கேரளத்திடம் கேட்டால், தன் எல்லைக்குள்ளும் செய்து காட்ட வேண்டும். அந்தப் பரஸ்பரம் இருப்பதால்தான் இதில் ஒருமித்த கருத்து சாத்தியம்.

அப்படியென்றால் என்ன உடன்பாடு வேண்டும்?

82-வது பிரிவின்படி, மறுவரையறையை யார், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நாடாளுமன்றம் சட்டமாக எழுத வேண்டும். 1952, 1962, 1972, 2002 என்று ஒவ்வொரு முறையும் தனிச் சட்டம் வந்தது. அடுத்த சட்டத்தில் என்ன வரி இருக்கும் என்பது கட்சிகள் பேசி முடிவு செய்யக்கூடிய விஷயம். எண்ணிக்கையைப் பற்றிய பேச்சோடு இந்த நான்கையும் மேசையில் வைக்கலாம்:

• மடங்கு விதி: எம்.பி. எண்ணிக்கை மாறினாலும் சட்டமன்ற எண்ணிக்கை தானாக ஆட்டம் காணாதபடி தளர்த்துவது.
• மலைக் கணக்கு: எட்டாத பகுதிகளுக்கு எவ்வளவு விலக்கு என்று சட்டத்திலேயே எழுதுவது. ஆணையத்தின் விருப்பத்துக்கு விடக் கூடாது.
• பிணைப்பு விதி: 9-வது பிரிவின் பட்டியலில், சேர்ந்து வாழும் சமூகங்களைப் பிரிக்காமை என்ற அளவுகோலைச் சேர்ப்பது.
• மொழி வசதி: வரைவு அறிக்கையும் வரைபடமும் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அவர்கள் மொழியிலும் வருவது, பொது விசாரணை அங்கேயே நடப்பது.

இவற்றில் முதலாவதைத் தவிர வேறு எதுவும் டெல்லிக்கும் தெற்குக்கும் இடையிலான பலப்பரீட்சை அல்ல. பிகாரின் எல்லை மாவட்டத்துக்கும் இவை நல்லதே செய்யும். எண்ணிக்கையில் ஒத்துப்போகாத கட்சிகள்கூட விதியில் ஒத்துப்போக முடியும்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது?

2002 சட்டப்படி, ஆணையம் தன் முன்மொழிவை அரசிதழில் வெளியிட வேண்டும். உடன்படாத இணை உறுப்பினர்களின் மாற்று முன்மொழிவு இருந்தால் அதையும் சேர்த்து வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஒரு தேதி தர வேண்டும், பொது அமர்வுகள் நடத்த வேண்டும். ஆட்சேபம் தர நீங்கள் எம்.எல்.ஏ.வாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் "எங்கள் உணர்வு புண்படுகிறது" என்ற மனுவைவிட, "இந்த மூன்று ஊராட்சிகளுக்கும் ஒரே பஸ் ரூட், ஒரே தாலுகா ஆபீஸ், ஒரே ஆஸ்பத்திரி, இவற்றைப் பிரித்தால் இத்தனை கிலோமீட்டர் கூடும்" என்ற மனுவுக்கு வலு அதிகம். போக்குவரத்தும் மக்கள் வசதியும் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அளவுகோல்கள். எக்செல் ஷீட் போடத் தெரிந்த தலைமுறை நீங்கள். மலையில் இருக்கும் அக்காவுக்கு அந்தத் திறமை இப்போது தேவைப்படுகிறது.

2015 செப்டம்பரில் மூணாறு தோட்டத்துப் பெண்கள் "பொம்பிளை ஒருமை" என்ற பெயரில், பெரிய தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தங்களுக்காகப் பேச வேண்டியவர்கள் பேசவில்லை என்பதுதான் அவர்களின் குறை. அந்தக் குறையை ஒவ்வொரு முறையும் ரோட்டில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. அதற்காகத்தான் சட்டமன்றத்தில் ஓர் இருக்கை வைத்திருக்கிறார்கள். அது யார் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்பதை அடுத்த வரைபடம் முடிவு செய்யும்.

அதனால் அந்த வாட்ஸ்அப் மெசேஜை ஃபார்வர்ட் செய்யும்போது, கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "சென்சஸுக்கு ஆள் வரும்போது மலையில் இருப்பவர்கள் எல்லோர் பெயரையும் அங்கேயே சொல்லுங்கள்."